இருபது முகப் பகடை: கம்ப்யூட்டரில் வரைந்து கையால் வார்க்கலாம்

பெல்ஜியம் நாட்டின் லேரியன் ஸ்டுடியோஸ் நிறுவனம் 2023 ஆகஸ்ட் மாதம் பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமினை வெளியிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதனை விளையாடினால், அருகில் அமர்ந்து சிறிது நேரம் பாருங்கள். கதையில் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும், அல்லது ஒரு காவலாளியைப் பேசி ஏமாற்ற வேண்டும் என்ற கட்டம் வரும்போது, திரையின் நடுவே இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை தோன்றி உருளும். குறிப்பிட்ட எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் வெற்றி. 1 விழுந்தால் தோல்விதான்.

இதே கேமின் செட்டிங்ஸ் பகுதியில் கார்மிக் டைஸ் என்று ஓர் ஆப்ஷன் உள்ளது. தொடர்ந்து தோல்வியாகவே விழுந்து விளையாடுபவர் வெறுத்துப் போகாமல் இருக்க, புரோகிராம் கொஞ்சம் கை கொடுக்கும் ஏற்பாடு இது. வேண்டாம் என்றால் நிறுத்தி வைக்கலாம். உண்மையான பகடை அப்படி இரக்கம் காட்டாது. அது சரியாக வார்க்கப்பட்டிருந்தால் யார் பக்கமும் சாயாது. தவறாக வார்க்கப்பட்டிருந்தால், யாருக்கும் தெரியாமலேயே ஒரு பக்கம் சாயும். இந்த இரண்டில் உங்கள் கையில் இருப்பது எது என்பதனைக் கண்டறிய, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும். பகடையை வரைவதற்கும் அதே கம்ப்யூட்டர்தான். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இது?

நமக்குப் பகடை என்றால் ஆறு முகம், அல்லது உருட்டும் நீளத் தாயக்கட்டை. ஆனால் 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் தேவைப்பட்டன. மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, கதையைப் பேசியே நகர்த்தும் ஆட்டம் இது. பள்ளிகளுக்குக் கணிதப் பாடப் பொருட்கள் விற்கும் கேட்டலாக் ஒன்றில்தான் இந்தப் பல முகப் பகடைகளைக் கைகாக்ஸ் கண்டெடுத்தார். 10 முகப் பகடை பின்னர் வந்து சேர்ந்தது. இன்று ஒரு செட் என்றால் ஏழு. பத்து முகத்தில் மட்டும் இரண்டு: ஒன்றில் 0 முதல் 9, மற்றொன்றில் 00 முதல் 90. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நூறு வரை கிடைக்கும். இவற்றை டி4, டி20 என முக எண்ணிக்கையோடு சேர்த்து அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

1979ல் பகடைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது டி.எஸ்.ஆர். நிறுவனம், எண்கள் அச்சிட்ட அட்டையைப் பெட்டியில் வைத்து, துண்டுகளாக வெட்டிக் குலுக்கி எடுத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி விட்டது! 1980களின் தொடக்கத்தில் வந்த பெட்டிகளில் பகடையோடு ஒரு கிரேயான் துண்டும் இருந்தது. பள்ளமாகப் பொறிக்கப்பட்ட எண்களில் அந்த மெழுகைத் தேய்த்து, மீதியைத் துடைத்து எடுக்க வேண்டும். அப்போதே பகடையைக் கையால் முடிக்கும் வேலை வாங்கியவருடையதுதான்.

இருபது முகம் என்பது புதிதும் அல்ல. எகிப்தில் கிடைத்த, கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகக் கல் பகடை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது.

சேகரிப்பவர்கள் கவனத்திற்கு

பிளாஸ்டிக், துத்தநாகக் கலவை உலோகம், மரம், கல், ரெசின் எனப் பலவகை கிடைக்கின்றன. சாதாரண பிளாஸ்டிக் செட் சில நூறு ரூபாயில் முடியும். கையால் வார்க்கப்பட்ட செட் ஒன்று வெளிநாடுகளில் 50 டாலருக்கு மேல், 100 டாலரைத் தாண்டியும் விற்கப்படுகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல டி20ல் எதிரெதிர் முகங்களின் கூட்டல் 21 வரும். 20க்கு எதிரே 1, 19க்கு எதிரே 2. பெரிய எண்களும் சிறிய எண்களும் கலந்து கிடக்கும். ஸ்பின்டவுன் என்ற வகை வேறு. அது சீட்டாட்டங்களில் புள்ளிகளை எண்ணிக் குறைத்து வருவதற்கானது. அதில் 20, 19, 18 என அடுத்தடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருப்பதால், உருட்டாமல் சாமர்த்தியமாகப் போட்டால் பலன் கிடைக்கும். படத்தில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆர்டர் செய்யும் முன் படத்தைப் பெரிதாக்கி, 20ஐச் சுற்றி என்ன எண்கள் உள்ளன என்று பாருங்கள்.

தொழிற்சாலைப் பகடைகளை மெருகேற்ற, தேய்க்கும் பொடியோடு சேர்த்து உருளையில் போட்டுச் சுழற்றுவார்கள். இதனால் முனைகள் மழுங்கும். எல்லா முனையும் ஒரே அளவில் மழுங்குவதில்லை என்று கேம்சயின்ஸ் நிறுவனத்தின் லூ சோக்கி பல ஆண்டுகள் வாதாடினார். பகடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வோர் உயரத்தில் நிற்பதனைக் கண்காட்சிகளில் காட்டினார். நூறு முகப் பகடையைச் செய்து 1985ல் விற்பனைக்குக் கொண்டு வந்தவரும் இவர்தான். அவருடைய பகடைகளின் முனைகள் கூர்மையாக இருக்கும். ஆனால் அச்சிலிருந்து வெட்டி எடுத்த இடத்தில் சிறிய தழும்பும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் சேகரிப்பவர்கள் விரும்புகிறார்கள்.

கம்ப்யூட்டரில் வரைதல்

பிளெண்டர் என்பது முப்பரிமாண உருவங்களை வரையும் இலவச புரோகிராம். அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள். குறைந்தது 8 ஜிபி ராம் மெமரி வேண்டும். திறந்தவுடன் நூற்றுக்கணக்கான பட்டன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை ஐந்தாறு மட்டுமே.

திரையின் நடுவே உள்ள கனசதுரத்தைக் கிளிக் செய்து எக்ஸ் கீயை அழுத்தி நீக்குங்கள். ஷிப்ட் + ஏ அழுத்தினால் வரும் மெனுவில் மெஷ், பின்னர் ஐகோ ஸ்பியர் தேர்ந்தெடுங்கள். ஒரு பந்து தோன்றும். இடது கீழ் மூலையில் ஒரு சிறிய பெட்டி கிடைக்கும். அதில் சப்டிவிஷன்ஸ் என்பதில் 2 இருக்கும். அதை 1 என மாற்றுங்கள். பந்து மறைந்து, சம அளவுள்ள இருபது முக்கோணங்களால் ஆன டி20 வந்து நிற்கும். நான் முதல்முறை இதைச் செய்தபோது, ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் இது வந்துவிட்டதை நம்ப முடியவில்லை.

அடுத்து அளவு. அதே பெட்டியில் உள்ள ரேடியஸ் என்பது மையத்திலிருந்து முனை வரை உள்ள தூரம். நாம் பகடையை அளப்பதோ முகத்திலிருந்து எதிர்முகம் வரை. 20 மி.மீ. பகடை வேண்டுமானால் ரேடியஸ் 12.58 எனத் தர வேண்டும். இன்னொரு குழப்பமும் இங்கே காத்திருக்கிறது. பிளெண்டர் இதனை 12.58 மீட்டர் என்று காட்டும். ஆனால் எஸ்.டி.எல். பைலில் அளவின் பெயர் பதிவாவதில்லை, எண் மட்டுமே செல்லும். 3டி பிரிண்டர் புரோகிராம்கள் அந்த எண்ணை மில்லிமீட்டராக எடுத்துக் கொள்ளும். எனவே மீட்டர் என்று காட்டுவதைப் பார்த்து 0.01258 என்று மாற்றினால், கண்ணுக்கே தெரியாத பகடைதான் கிடைக்கும்.

எண்களைப் பொறிக்க, முதலில் 16 மி.மீ. கனசதுரத்தில் பழகுங்கள். ஷிப்ட் + ஏ, டெக்ஸ்ட். டேப் கீயை அழுத்தி எண்ணை டைப் செய்திடுங்கள். எக்ஸ்ட்ரூட் மூலம் அதற்குக் கனம் கொடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் கன்வெர்ட் மூலம் மெஷ் ஆக மாற்றி, முகத்தில் பாதி புதையும்படி வையுங்கள். பின்னர் கனசதுரத்தைத் தேர்ந்தெடுத்து, பூலியன் என்ற மாடிபையரில் டிபரன்ஸ் கொடுத்தால், எண் வடிவில் பள்ளம் விழும். டி20ல் இதையே இருபது முறை, ஒவ்வொரு முகத்தின் சாய்வுக்கும் ஏற்பச் செய்வது பொறுமையைச் சோதிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதில் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டைஸ்ஜென் என்ற ஆட்-ஆன் தொகுப்பு இதற்கென்றே கிடைக்கிறது. அளவு, எழுத்துரு, பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றைக் கொடுத்தால் எண்களைத் தானே பொறித்துத் தரும்.

எழுத்துருவைத் தேர்வு செய்வதில் அழகை மட்டும் பார்க்காதீர்கள். எண்ணின் கோடுகள் மெல்லியதாக இருந்தால், பின்னர் சிலிகான் அச்சில் அவை மெல்லிய இழைகளாக நின்று, நான்கைந்து வார்ப்புகளில் கிழிந்து போகும். 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடோ புள்ளியோ கட்டாயம்.

தமிழ் எண்களையும் பொறிக்கலாம். யூனிகோட் தமிழ் எழுத்துரு பைலை பிளெண்டரின் டெக்ஸ்ட் பகுதியில் லோட் செய்தால் ௧, ௨, ௩ தாராளமாக வரும். ௬, ௯ இரண்டும் வேறு வேறு வடிவம் என்பதால் தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் இல்லை. பத்துக்கு ௰ என்ற பழைய குறியையும் போடலாம், ௧௦ என்றும் போடலாம். தமிழுக்கான பூஜ்யக் குறி யூனிகோடில் சேர்ந்தது 2005ல்தான். மிகப் பழைய எழுத்துரு என்றால் அந்த இடத்தில் கட்டம் தெரியும். உடன் விளையாடுபவர்களுக்கு இந்த எண்கள் தெரியுமா என்பதை மட்டும் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்!

முடிந்ததும் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட், எஸ்.டி.எல். கொடுத்து சேவ் செய்திடவும். ஒரு செட்டுக்காக 3டி பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை. பைலை அனுப்பினால் பிரிண்ட் எடுத்துத் தரும் நிறுவனங்கள் பெரிய நகரங்களில் உள்ளன. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முறை வேண்டாம், ரெசின் பிரிண்ட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முதல் முறையில் வரிவரியாகத் தெரியும்.

அச்சும் வார்ப்பும்

பிரிண்ட் ஆகி வருவது மூலப் பகடை. இதன் எடை சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வடிவம் மட்டுமே நமக்கு வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் தண்ணீர் விட்டு, உப்புத்தாளில் தொடங்கி, நகை வேலையில் பயன்படும் நுண்ணிய மெருகுத் தாள்கள் வரை படிப்படியாகத் தேய்க்க வேண்டும். இவை 30 மைக்ரானில் தொடங்கி 1 மைக்ரான் வரை கிடைக்கின்றன. ஒரே முகத்தைக் கூடுதலாகத் தேய்த்து விடாமல், ஒவ்வொரு முகத்துக்கும் இத்தனை சுற்று என்று எண்ணிக் கொண்டு தேயுங்கள்.

பின்னர் சிலிகான் அச்சு. பிளாட்டினம் வகை சிலிகான் நன்றாக உழைக்கும். ஆனால் அதற்குச் சில பகைகள் உண்டு. சரியாக உலராத பிரிண்ட் ரெசின் பட்டாலும், லேடெக்ஸ் கையுறை பட்டாலும் அது இறுகாமல் பிசின் போல நின்று விடும். எனவே மூலப் பகடையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் முழுமையாக உலர்த்தியிருக்க வேண்டும். என் முதல் அச்சு இப்படித்தான் வீணாயிற்று. சிலிகான் மலிவான சரக்கல்ல. அந்தக் கோபம் ஒரு வாரம் இருந்தது.

அச்சில் ஊற்றுவது எபாக்சி ரெசின். இரண்டு பாட்டில்களை லேபிளில் கண்ட விகிதத்தில் கலந்து, மெதுவாகக் கிளறி, மைக்கா பொடியோ ஆல்கஹால் மையோ சேர்த்து ஊற்ற வேண்டும். இறுகுவதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் வரை ஆகும். எடுத்த பின் எண்களின் பள்ளத்தில் அக்ரிலிக் பெயின்ட் தடவி, மேற்பரப்பைத் துடைத்தால் செட் தயார்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியுள்ளது. இறுகாத ரெசின் மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான அறை, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி ஆகியவை கட்டாயம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. இறுகிய ரெசினைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது. சமையல் பாத்திரம், சாப்பாட்டு மேஜை இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. மீதி ரெசினைச் சிங்க்கில் ஊற்றவும் கூடாது. பிள்ளைகள் வரையட்டும், எண்களுக்கு வண்ணம் தீட்டட்டும். ஊற்றும் வேலை பெரியவர்களுடையது.

காற்றுக் குமிழிகளை நசுக்க, வார்ப்பவர்கள் பிரஷர் பாட் என்ற கலத்தில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு வரை அழுத்தம் கொடுப்பார்கள். நம் வீட்டுக் குக்கரைப் பயன்படுத்தலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். வேண்டவே வேண்டாம். குக்கர் தாங்குவது சுமார் 15 பவுண்டு நீராவி. அதில் கம்ப்ரசரை இணைப்பது ஆபத்து. பிரஷர் பாட் இல்லையென்றால் சில குமிழிகளோடு வாழப் பழகுங்கள்.

பகடை நேர்மையானதா?

குமிழியால் எடை ஒரு பக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு டம்ளர் தண்ணீரில் இனியும் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரையுங்கள். ரெசின் பகடை அதில் மிதக்கும். விரலால் சுண்டிச் சுழல விடுங்கள். பத்து முறையும் ஒரே எண் மேலே வந்து நின்றால், அதன் எதிர்ப் பக்கம் கனம்.

வடிவக் குறையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு வெர்னியர் காலிப்பர் வேண்டும். டி20ல் பத்து எதிர்முக ஜோடிகள் உள்ளன. பத்தையும் அளந்து எழுதுங்கள். மூடி வைத்து வார்க்கும் அச்சில், மூடியின் அடியில் ரெசின் கசிந்து அந்த ஒரு முகம் மட்டும் தடித்து விடுவது வழக்கம். மூடி பெரும்பாலும் 20ன் மேல்தான் வரும். அப்போது 1க்கும் 20க்கும் இடையே தூரம் கூடும். நீண்ட அச்சின் நுனிகளில் பகடை நிற்கத் தயங்கும் என்பதால், 1, 20 இரண்டுமே குறைவாக விழும்.

கடைசிச் சோதனை ஸ்ப்ரெட்ஷீட்டில். எக்சல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்தலாம். உருட்டும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். முதல் நெட்டு வரிசையில் 200 செல்களில் ரேண்ட்பிட்வீன் பங்ஷனை, 1, 20 என்ற எல்லைகளோடு கொடுங்கள். இரண்டாவது நெட்டு வரிசையில் 1 முதல் 20 வரை எண்கள். மூன்றாவதில் கவுன்ட்இப் பங்ஷன் மூலம் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணச் செய்திடுங்கள். 200 செல்களின் முகவரியைக் கொடுத்தவுடன் எப்4 கீயை அழுத்தி டாலர் குறி சேர்க்க மறந்தால், பார்முலாவைக் கீழே இழுக்கும்போது முகவரியும் நகர்ந்து விடும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒவ்வோர் எண்ணும் சராசரியாக 10 முறை வர வேண்டும். வருமா? எப்9 கீயைத் தட்டித் தட்டிப் பாருங்கள். ஒன்று 5 முறை வரும், இன்னொன்று 16 முறை வரும். கம்ப்யூட்டர் போட்ட நேர்மையான பகடையே இப்படித்தான். ஆகவே உங்கள் பகடையில் ஏதோ ஓர் எண் 6 முறைதான் வந்தது என்பதற்காக அதனைத் தூக்கி எறிய வேண்டாம்.

இப்போது அந்த 200 செல்களில் உண்மையான பகடையின் எண்களை டைப் செய்திடுங்கள். நான்காவது நெட்டு வரிசையில் இருபது செல்களிலும் 10 என்று போடுங்கள். பங்ஷன் பட்டியலில் ஸ்டாடிஸ்டிகல் பிரிவில் கை-ஸ்கொயர் டெஸ்ட் இருக்கிறது. அதற்கு மூன்றாவது, நான்காவது நெட்டு வரிசைகளைக் காட்டினால் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண் கிடைக்கும். அது 0.05க்குக் கீழே வந்தால் பகடையைச் சந்தேகிக்கலாம்.

நான் வார்த்த முதல் டி20 பச்சையும் பொன்னும் கலந்து, வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கும்படி வந்திருந்தது. 200 முறை உருட்டியதில் 20 விழுந்தது 3 முறை, 1 விழுந்தது 4 முறை. ஆனால் சோதனை எண் 0.1 அருகே நின்றது. 200 போதாது என்பது அதன் பொருள். என் மகளும் நானும் மாறி மாறி, தட்டில் துண்டை விரித்து, இரண்டு மாலைகளில் 600 வரை உருட்டினோம். இப்போது நான்காவது வரிசையில் 10க்குப் பதில் 30. 20 வந்தது 13 முறை, 1 வந்தது 15 முறை. சோதனை எண் 0.02க்குக் கீழே போய்விட்டது. காலிப்பரை எடுத்து அளந்தேன். மற்ற ஜோடிகளை விட 1-20 ஜோடி 0.9 மி.மீ. அதிகம். அந்தக் கசிவை நான் தேய்த்து எடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

மீண்டும் தேய்த்தால் 20 என்ற எண்ணின் பள்ளமே மறைந்து விடும். மகள் அதை மேஜை மேல் பேப்பர் வெயிட்டாக வைத்துக் கொண்டாள். புதிய அச்சில் மூடியின் மேல் எடை வைத்து ஊற்றியிருக்கிறேன். சனிக்கிழமை திறக்க வேண்டும்.